திம்மையா அன்று ராஜினாமாவைத் திரும்ப வாங்கியது சரியா?

ஜூன் 10 – வாசகர் ஒருவர் கேட்டது

"ஜெனரல் திம்மையா 1959ல் கொடுத்த ராஜினாமாவை உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். உறுதியாக நின்றிருந்தால் கிருஷ்ண மேனன் பதவி போயிருக்கும். 1962 சீனப் போர்த் தோல்வி நடந்தே இருக்காது. குண்டுக்கு அஞ்சாத மனிதர் டெல்லியில் ஏன் அஞ்சினார்?"

ஜூன் 11

'அஞ்சினார்' என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் பேசலாம்.

நடந்தது இதுதான். 1957 ஏப்ரலில் கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். மே மாதம் திம்மையா தரைப்படைத் தலைவர் ஆனார். ஒருவர் வாயைத் திறந்தாலே பகை சம்பாதிப்பவர். மற்றவர் சிப்பாய் முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் பிடித்தவர். பதவி உயர்வு விஷயங்களில் அமைச்சர் கைவைக்கத் தொடங்கியதும் உரசல் முற்றியது. பி. எம். கௌலை லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கியதில் திம்மையாவுக்குச் சம்மதமில்லை. கௌல் நேருவுக்கு நெருக்கமானவர், போர்க்களத்தில் படை நடத்திப் பழகாதவர். 1959 ஆகஸ்ட் கடைசியில் திம்மையா நேராக நேருவிடமே போய்க் குறையைச் சொன்னார். நேரு அதை மேனனிடம் சொன்னார். மேனன் திம்மையாவைக் கூப்பிட்டு, என்னைத் தாண்டிப் பிரதமரிடம் எப்படிப் போகலாம் என்று பாய்ந்தார். ஆகஸ்ட் 31ல் ராஜினாமாக் கடிதம் போனது. நேரு கூப்பிட்டுப் பேசினார். கடிதம் திரும்பி வந்தது. மறுநாள் பத்திரிகையில் விஷயம் வெடித்தது.

செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு என்ன சொன்னார் என்பதைத்தான் நாம் படிக்க வேண்டும். பிரச்சினைகளெல்லாம் அற்பமானவை, சுபாவ வேறுபாட்டால் வந்தவை என்றார். சிவில் அதிகாரமே மேலானது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்றார். திம்மையா நடந்துகொண்ட விதத்தைப் பாராட்ட முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லிக் கடிதத்தை வாங்கவைத்தவர், இரண்டு நாள் கழித்துச் சபையில் வைத்துக் குட்டுகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். திம்மையா மேல் இல்லை.

ஜூன் 11, இரவு

மேலே எழுதியபோது விட்டுப்போனது. அந்த வாரத்தில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஆகஸ்ட் 25ல் வடகிழக்கு எல்லையில் உள்ள லோங்ஜுவில் சீனப் படை நம் காவல் நிலையைத் தாக்குகிறது. செப்டம்பர் 1ல், அதாவது ராஜினாமாச் செய்தி பத்திரிகையில் வந்த அதே நாளில், அயூப் கான் டெல்லி 'பாலம்' விமான நிலையத்தில் இறங்கி நேருவைச் சந்திக்கிறார். அயூப் யார்? அதற்கு ஒரு வருடத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் பாகிஸ்தானில் ஆட்சியைப் பிடித்த தளபதி. அவரோடு விமான நிலையத்தில் பேசிவிட்டு வரும் பிரதமருக்கு, 'தளபதி ராஜினாமா, அமைச்சரோடு மோதல்' என்று தலைப்புச் செய்தி. நேரு ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நியாயம் என்று சொல்லவில்லை. விளக்கம் என்கிறேன்.

ஜூன் 13

'கொடுத்த கடிதத்தை வாங்குபவன் கோழை' என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது, காரணம் இருக்கிறது.

நானும் கடிதம் கொடுத்து வாங்கியவன். ஒரு தனியார் கம்பெனி, பெயர் வேண்டாம். எனக்குக் கீழே இருந்த ஒருவரை என்னைக் கேட்காமல் எனக்குச் சமமாக உட்காரவைத்தார்கள். கடிதம் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, 'நீங்க இல்லாம இந்த டிபார்ட்மென்ட் ஓடாது சார்' என்றார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் நிம்மதி. மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த மாதம்தான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயம். யாரும் என்னோடு சண்டை போடவில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கூட்டத்தில் நான் மறுப்புச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். இவர் கோபித்தால் என்ன செய்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்தச் சீட்டை இரண்டாம் முறை போட முடியாது என்பதும் தெரியும்.

திம்மையாவுக்கு அதற்கப்புறம் இருபது மாதத்துக்கு மேல் பதவி இருந்தது. 1961 மே வரை. அந்த இருபது மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லோரும் அந்த மூன்று நாளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

ஜூன் 14

'உங்கள் கம்பெனியையும் இந்திய ராணுவத்தையும் ஒப்பிடுகிறீர்களா' என்று கேட்டவருக்கு: ஆமாம். எனக்கு டாங்கி கொடுக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஜூன் 18

டாங்கி என்றதும் ஜோஜிலாவைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் திம்மையா எப்படிப்பட்டவர் என்று புரிய 1959ஐவிட 1948தான் உதவும்.

அப்போது காஷ்மீரில் பாகிஸ்தானோடு போர். அவர் மேஜர் ஜெனரல், அங்கே 19ஆவது டிவிஷன் அவர் கையில். லே நகரம் விழுந்துவிடும் நிலை. தரைவழி அடைபட்டுக் கிடக்கிறது. சோனம் நோர்பு என்ற லடாக் பொறியாளர் ஊர்மக்களைத் திரட்டி 11,500 அடி உயரத்தில் ஒரு ஓடுதளம் போட்டுவைத்திருந்தார். அதில் விமானம் இறங்குமா என்று யாருக்கும் தெரியாது. மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை ஓட்டிக்கொண்டு போய் இறக்கினார். வழிகாட்டும் கருவி கிடையாது, வழியில் 23,000 அடிச் சிகரங்கள். அந்த முதல் விமானத்திலேயே திம்மையா ஏறி உட்கார்ந்துவிட்டார். டிவிஷன் தளபதி போக வேண்டிய இடமா அது? இல்லை. ஆனால் தளபதியே வந்து இறங்கினால் லேயில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் தைரியம் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஜோஜிலா. ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில், லே போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்த கணவாய். உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். செப்டம்பரில் 77ஆவது பாராசூட் பிரிகேட் முயன்று பார்த்தது, முடியவில்லை. மேலே பாறைக் குகைகளில் இயந்திரத் துப்பாக்கிகள். அந்த உயரத்துக்கு டாங்கிகளைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். 7ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், தலைவர் 'ஸ்பாரோ' என்று எல்லோரும் கூப்பிட்ட லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். பீரங்கிக் கூண்டுகளைத் தனியே கழற்றி, டாங்கி வருகிறது என்று எதிரிக்குத் தெரியாமல், ஜம்மு பக்கத்திலிருந்து பால்தால் வரை நகர்த்தினார்கள். தாங்காத பாலங்களை வழி நெடுகப் பலப்படுத்தினார்கள்.

சரி, பால்தாலிலிருந்து மேலே? அங்கே இருந்தது கோவேறு கழுதை போகும் தடம். அதை டாங்கி ஏறும் பாதையாக வெட்டியவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், மேஜர் தங்கராஜு தலைமையில். குளிர், மேலிருந்து குண்டு, கீழே பள்ளம்.

என் சித்தப்பா அந்தப் படைப்பிரிவில் பின்னாளில் சேர்ந்து பென்ஷன் வாங்கியவர். பெங்களூர் அல்சூரில் பயிற்சி. ஜோஜிலா பேச்செடுத்தால் அவர் டாங்கியைப் பற்றிப் பேசவே மாட்டார். 'ரோடு போட்டது யாரு?' என்பதோடு சரி. இரண்டாவது டம்ளர் உள்ளே போனால், 'தம்பிங்க ரோடு போடலைன்னா திம்மையா கீழேயே நின்னு மலையைப் பார்த்துட்டு இருந்திருப்பாரு' என்பார். முழுசாகத் தவறென்று சொல்ல முடியாது.

நவம்பர் 1, பனி. டாங்கிகள் கணவாயில் ஏறின. முன்னால் போன டாங்கியில் திம்மையாவே இருந்தார். அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காதவர்கள் நிலைகளை விட்டு ஓடினார்கள். நவம்பர் நடுவில் திராஸ், 23ஆம் தேதி வாக்கில் கார்கில். லே வழி திறந்தது.

ஜூன் 19

'ஜோஜிலாவில் டாங்கி ஏற்றியது காரியப்பா இல்லையா' என்று கேட்டவருக்கு: இல்லை, அது காரியப்பா அல்ல. இரண்டு பேரும் குடகர்கள், இரண்டு பேரும் தரைப்படைத் தலைவர்கள், அதனால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. 1948ல் காரியப்பா மேற்குப் படைத் தலைமையில் இருந்தார். அவருக்குக் கீழே ஸ்ரீநாகேஷ், ஸ்ரீநாகேஷுக்குக் கீழே திம்மையா. மூவருமே பிற்பாடு தரைப்படைத் தலைமைக்கு வந்தார்கள். காரியப்பா விறைப்பு, திம்மையா கலகலப்பு. இதற்கு மேல் ஒப்பிட்டால் மடிக்கேரியில் இருக்கும் நண்பர்கள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்.

ஜூன் 25

திம்மையாவின் இளமைக் காலத்தைப் பற்றிப் படித்ததும் இந்த விவாத இழைக்குத் திரும்ப ஓடி வந்தேன். 1959 கடிதம் திம்மையாவின் முதல் ராஜினாமா யோசனை இல்லை.

1926ல் சாண்ட்ஹர்ஸ்டில் படிப்பு முடித்து அதிகாரி ஆனவர். பாக்தாதில் இருந்துவிட்டு வந்து, 1930 வாக்கில் அவருடைய பட்டாலியன் அலகாபாத்தில். வெளியே சத்தியாக்கிரகம், கைது, ஊர்வலம். உள்ளே வெள்ளைக்காரச் சீருடையில் இந்திய இளைஞர்கள். ஒரு சினிமாக் கொட்டகையில் மோதிலால் நேரு அவரிடம், பிரிட்டிஷ் சீருடை போட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டதாகவும், 'சூடாக இருக்கிறது' என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அப்புறம் ஆனந்த பவனத்துக்குப் போகவர இருந்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கலாமா என்று இந்த இளம் அதிகாரிகள் கேட்டபோது மோதிலால், வேண்டாம், இருங்கள், நாளை சுதந்திரம் வந்தால் பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்றார்.

இருந்தார்.

இருபத்தொன்பது வருடம் கழித்து மகன் அதையே சொல்கிறார். வேண்டாம், இருங்கள். மறுபடியும் இருந்தார். அப்பா சொன்னதற்கும் மகன் சொன்னதற்கும் நடுவில் ஒரு நாடே பிறந்துவிட்டது என்றாலும், அவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா பேச்சைக் கேட்டது சரியாகத்தான் முடிந்தது. மகன் பேச்சையும் கேட்டுப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றாமலா இருக்கும்?

ஆதாரம் கேட்காதீர்கள், இது என் ஊகம்.

ஜூன் 26

மதராஸ் தொடர்பு கேட்டவருக்கு: உண்டு. சின்ன வயதில் குன்னூர் செயின்ட் ஜோசப்ஸில் படித்தார், அயர்லாந்துப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளி. அப்புறம் பெங்களூர் பிஷப் காட்டன், அப்புறம் டேராடூன். 1936ல் மதராஸ் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையில் அட்ஜுடன்ட். கல்லூரிப் பையன்களுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்த காலம். அதற்கு முந்தைய வருடம் குவெட்டா பூகம்பம். புதுசாகக் கல்யாணமான அவரும் மனைவி நீனாவும் அங்கே மீட்பு வேலையில் இருந்தார்கள்.

ஜூலை 2

'திம்மையாவுக்கு டி.எஸ்.ஓ. (பிரிட்டிஷ் ராணுவ விருது) எதற்குக் கிடைத்தது?'

காங்காவ். பர்மாவின் அரக்கான் கரையில், 1945 ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம். பின்வாங்கும் ஜப்பானியர்களின் சாலையை அறுப்பதற்கு நடந்த சண்டை, நெருங்கி நின்று போட்ட மோசமான சண்டை. 51ஆவது பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள். மூன்றுக்கும் தலைவர்கள் இந்தியர்கள். அந்தக் காலத்தில் இது அபூர்வம். இந்தியர்களை நம்பிப் பட்டாலியன் கொடுக்கலாமா என்றே வெள்ளைக்கார அதிகாரிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்த காலம். திம்மையா, தோராட், எல். பி. சென். மூவருக்கும் டி.எஸ்.ஓ. கிடைத்தது. அதற்கப்புறம் திம்மையா 36ஆவது பிரிகேடுக்குத் தலைமை ஏற்றார்.

இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இழைக்கு இவர்கள் திரும்ப வருவார்கள்.

ஜூலை 3

அவருடைய குடும்பத்திலேயே நாடகம் உண்டு. அண்ணன் தம்பி மூவருமே ராணுவம். பொன்னப்பா மலாயாவில் சிறைப்பட்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். அதாவது ஒரே போரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் எதிரெதிர்ப் பக்கம். சோமையா சுதந்திரத்துக்குப் பின் காஷ்மீரில் உயிரிழந்தார். திம்மையாவின் பழைய பட்டாலியனும் மலாயாவில்தான் சிதைந்தது. இவர் சிங்கப்பூரில் அதிலிருந்து முன்பே மாற்றலாகி ஊர் திரும்பியிருந்தார். மாற்றல் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இவரும் கைதி முகாமில் உட்கார்ந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

ஜூலை 15

கொரியா. இதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை.

1953 ஜூலையில் போர் நிறுத்தம். ஊர் திரும்ப மாட்டோம் என்று சொல்லும் போர்க் கைதிகளை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். ஐ.நா. பக்கத்திடம் இருந்த சீனர், வட கொரியர் 22,000க்கும் மேல். எதிர்ப்பக்கத்திடம் சில நூறு பேர், அதில் அமெரிக்கர்கள் இருபத்துச் சொச்சம். இதற்காக ஐந்து நாட்டு ஆணையம்: ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா. தலைவர் திம்மையா. கைதிகளைக் காவல் காக்க இந்தியப் படை, அதற்குத் தலைவர் தோராட். காங்காவ் தோராட்டேதான்.

தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் என் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றுவிட்டார். அதனால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, மண்ணைத் தொடாமல், இடைப்பட்ட ராணுவமற்ற பகுதியில் இறக்கினார்கள். முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு கைதியிடமும் அவரவர் நாட்டு ஆட்கள் வந்து, திரும்பி வா என்று எடுத்துச் சொல்ல 90 நாள் அவகாசம். முகாமுக்குள் இருந்த கோஷ்டிகள் கைதிகளை வெளியே விடவில்லை. கம்யூனிஸ்ட் பக்கம் இந்தியா அமெரிக்காவுக்குச் சாய்கிறது என்றது; மறுபக்கம் இந்தியா கம்யூனிஸ்டுகளுக்குச் சாய்கிறது என்றது. ஒருமுறை கைதிகள் நம் அதிகாரி ஒருவரையே பிடித்துவைத்துக்கொண்டார்கள். தோராட் உள்ளே போய்ப் பேசி மீட்டுவந்தார். பலப்பிரயோகம் செய்து கைதிகளை விளக்கக் கூட்டத்துக்கு இழுத்துவர வேண்டும் என்று ஆணையத்தில் ஒரு பக்கம் வற்புறுத்தியது. திம்மையா மறுத்தார். பெரும்பாலானவர்கள் விளக்கம் கேட்காமலேயே அவகாசம் முடிந்தது. 1954 ஜனவரியில், யாரிடமிருந்து வாங்கினோமோ அவர்களிடமே கைதிகளை ஒப்படைத்தார். இருபக்கமும் வேண்டாம் என்ற 80க்கும் மேற்பட்டவர்கள் நம் படையோடு இந்தியாவுக்கு வந்தார்கள். பிற்பாடு பலர் பிரேசில், அர்ஜென்டினா என்று போனார்கள்.

அந்த வருடம் பத்ம பூஷண்.

தோல்வி என்றுகூட இதைச் சொல்லலாம். ஆனால் இருபதாயிரம் பேரைப் பூட்டிவைத்த இடத்தில் பெரிய ரத்தக்களரி இல்லாமல் வெளியே வந்தது சின்ன விஷயமா?

இங்கேயும் அவர் ஏதாவது ஒரு நாள் வெறுத்துப்போய் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இவர் விட்டுப்போகிற சுபாவம் உள்ளவரே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படிப்பட்டவர் 1959ல் கடிதம் எழுதினார் என்பதுதான் ஆச்சரியம், திரும்ப வாங்கியது அல்ல.

ஆகஸ்ட் 6

மடிக்கேரி போயிருந்தேன். இழையைச் சாக்காக வைத்துக்கொண்டு போனதாக மனைவி சொல்கிறாள். மிளகு வாங்கப் போனதாக நான் சொல்கிறேன்.

திம்மையா பிறந்து வளர்ந்த 'சன்னி சைடு' வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். 2021ல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் பல வருடம் அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகமாக இருந்தது. ஜோஜிலாவில் டாங்கி ஏற்றியவர் வீட்டில் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் ரொம்பச் சிரித்திருப்பார்.

மழை விடவே இல்லை. தங்கிய இடத்தின் உரிமையாளர் குடகர், வயதானவர். குடகர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் விலக்கு உண்டென்பது தெரியும். ஆனால் கைல் போள்து என்ற ஆயுதத் திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்வதை அவர் நடித்துக் காட்டியது தனி அழகு. 1959 பற்றிக் கேட்டேன். 'எங்க ஆளு அன்னிக்கு வந்திருக்கணும்' என்றார். வந்து? 'காபித் தோட்டம் பார்த்திருப்பாரு.' இவ்வளவுதான் பதில். ஒரு ஜெனரலுக்கு இது எவ்வளவு சுலபமான வழி என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிவர ஊர் இருந்தது, மரியாதை இருந்தது. பயந்துபோய் வாங்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆகஸ்ட் 20

இப்போது முதல் கேள்விக்கே வருகிறேன். 'விலகியிருந்தால் 1962 நடந்திருக்காது.'

விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1959 செப்டம்பரிலேயே மேனன் தனக்கு வேண்டியவரைத் தலைவர் ஆக்கியிருப்பார். 1961 மே மாதம் நடந்தது முன்கூட்டியே நடந்திருக்கும். அவ்வளவுதான். மேனன் போயிருப்பார் என்பதும் ஆசைதான். நேரு அவரைக் கைவிடத் தயாராக இல்லை. 1962 நவம்பரில், தோல்விக்கு நடுவில், சொந்தக் கட்சி எம்.பி.க்களே நெருக்கிய பிறகுதான் மேனன் அமைச்சரவையை விட்டுப் போனார். ஒரு தளபதியின் கடிதத்துக்கு அந்தப் பலம் கிடையாது. இருக்கவும் கூடாது என்று சொல்வேன். பக்கத்து நாட்டைப் பார்த்தால் தெரியும்.

இருந்ததனால் ஆன நன்மை? தோராட் அப்போது கிழக்குப் படைத் தலைவர். 1959 அக்டோபரில் வடகிழக்கு எல்லையை எப்படிக் காப்பது என்று அறிக்கை எழுதினார். எல்லைக் கோட்டிலேயே போய் முட்டாமல், சற்றே பின்னால், நமக்குச் சாலை வசதி உள்ள இடத்தில் நின்று போரிட வேண்டும் என்பது அதன் சாரம். 1960 மார்ச்சில் லக்னோவில் 'லால் கிலா' என்ற பெயரில் பயிற்சி நடத்திக் காட்டினார். திம்மையா அதை ஏற்று மேலே அனுப்பினார். மேனன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நான் ஜூன் 13 அன்று எழுதியது இதைத்தான். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

1961 மே மாதம் தனக்குப் பின் தோராட் வர வேண்டும் என்று திம்மையா சொன்னார். வந்தவர் தாப்பர். கௌல், தலைமையகத்தில் சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃப் ஆனார். அந்த வருடக் கடைசியில் முன்னேறிப் போய்ச் சின்னச் சின்னக் காவல் நிலைகள் போடும் கொள்கை வந்தது. தோராட்டின் யோசனைக்கு நேர் எதிர். 1962ல் சீனா வந்தபோது கிழக்குப் படைத் தலைவர் யார்? எல். பி. சென். காங்காவ் மூவரில் ஒருவர் மட்டும் பதவியில், மற்ற இருவரும் வீட்டில். கௌல் 4ஆவது கோர் என்ற பெரும்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றுப் போய், நோய்ப்பட்டு டெல்லி திரும்பிக் கட்டிலிலிருந்து கட்டளை கொடுத்தார்.

1962 ஜூலையில், போருக்கு மூன்று மாதம் முன், ஓய்வுபெற்ற திம்மையா ஒரு கட்டுரையில் எழுதினார்: சீனாவோடு இந்தியா தனியாக நேரடிப் போரில் இறங்குவதை ஒரு சிப்பாயாகத் தன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அது அரசியல்வாதிகளும் தூதர்களும் தீர்க்க வேண்டியது. இதை அவர் பதவியில் இருந்த காலத்தில் ஊரறியச் சொல்லியிருக்க முடியாது. சொன்னபோது கேட்க ஆளில்லை.

ஆகஸ்ட் 21

'சீனியாரிட்டிக்காகச் சண்டை போட்டவர்' என்று புகழ்ந்தவருக்கு ஒரு சின்ன உறுத்தல்: 1957ல் திம்மையாவே இரண்டு சீனியர்களைத் தாண்டித்தான் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. ஆகவே அவர் எதிர்த்தது தாண்டுவதை அல்ல, கௌலைத் தாண்டவைத்ததை. இது நியாயமா என்றால், கௌலின் 1962ஐப் பார்த்தால் நியாயம். 1959ல் நின்று பார்த்தால் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. மேனன் ஆதரவாளர்கள் இழையில் யாரும் இல்லை என்பதால் அவர்கள் வாதத்தையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

ஜனவரி 16

நேற்று ராணுவ தினம். யாரோ பழைய இழையைத் தோண்டி மேலே கொண்டுவந்து, 'ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?' என்று கேட்டிருக்கிறார்கள்.

சைப்ரஸ். 1964ல் கிரேக்க, துருக்கியச் சைப்ரஸ்காரர்களுக்கு நடுவே ஐ.நா. அமைதிப் படை நின்றது. அதன் முதல் தளபதி ஒரு இந்தியர், கியானி. இரண்டாவது திம்மையா, அந்த வருடம் ஜூலையிலிருந்து. மறுபடியும் இரண்டு கட்சிக்கு நடுவில், மறுபடியும் இரண்டு பக்கமும் சந்தேகம். கொரியாவில் பழகிய வேலை. 1965 டிசம்பர் 18 அன்று நிக்கோசியாவில் மாரடைப்பில் இறந்தார். 59 வயது. உடலைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். 1966ல் சைப்ரஸ் அரசு அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. லார்னகாவில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. அந்தத் தபால்தலைக்காக நான் ஒரு வியாபாரியிடம் கொடுத்த விலையை இங்கே எழுத மாட்டேன், இந்த இழையை வீட்டிலும் படிக்கிறார்கள்.

ஜனவரி 20

'கடைசியில் சரியா தவறா, ஒரு வரியில் சொல்லுங்கள்' என்கிறார்கள்.

கொடுத்ததுதான் அவசரம். கொடுப்பதென்றால் கௌல் விவகாரத்தை எழுத்தில் வைத்து, திரும்ப வாங்குவதற்கு என்ன வேண்டும் என்பதையும் முடிவுசெய்துகொண்டு கொடுத்திருக்க வேண்டும். நேரு கூப்பிட்டபோது வெறுங்கையோடு திரும்பினார். அவருக்கு வாக்குறுதி எதுவும் எழுத்தில் கிடைக்கவில்லை. என் காபிக் கதையும் அதேதான், எனக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

தோராட்டைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன். லக்னோ பயிற்சி, 1962க்குப் பிறகு நேரு அவரை அழைத்துப் பேசியது எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். மேனன் பக்கம் நின்று வாதாட யாராவது இருந்தால் தயவுசெய்து வாருங்கள், ஒருத்தனே இரண்டு பக்கமும் பேசிக் களைத்துப்போய்விட்டேன்.